உரச் சாக்கில் வந்த கணினி

தம்பியின் கணினியைப் பற்றி எங்கள் வீட்டில் இரண்டு மாதமாகச் சண்டை. அவன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தான். நான் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில், எங்கள் முன்னறையில் அவன் ஒரு பழைய கணினியை வைத்திருந்தான். புதிதாக வந்த கார் ரேஸ் விளையாட்டை அதில் போட்டால், கார் வளைவில் திரும்பும் முன்பே படம் உறைந்து நின்றுவிடும்.

"பதுளை டவுன்ல பெட்டியோட புது மெஷின் விக்கிறாங்க. தவணைக்கு எடுத்துத் தர்றேன். கெட்டுப்போனாலும் அவங்களே பாத்துக் குடுப்பாங்க," என்றேன்.

"அதுல தனியா கிராபிக்ஸ் கார்டே இருக்காதுக்கா. பாக்கத்தான் பளபளன்னு இருக்கும். மதர்போர்டு, கார்டு, பவர் சப்ளை மூணையும் மாத்துனா இந்தப் பழசே அதவிட நல்லா ஓடும். கொழும்புல செகண்ட்ஹேண்ட்ல கெடைக்குது."

கடைசியில் அவன்தான் ஜெயித்தான். எனக்குக் கொழும்பில் கல்வி அலுவலக வேலையொன்று இருந்தது. அவனும் கூட வந்தான். பாகங்கள் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டுமென்று கணினியையும் தூக்கிக்கொண்டான். அன்று மழை. நனையாமல் இருக்க அம்மா ஓர் உரச் சாக்கைக் கொண்டுவந்து அதில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் உரச் சாக்கு இல்லாத வீடு கிடையாது. அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

கொழும்புக் கடைக்காரர் மதர்போர்டை மட்டும் மாற்றினார். அதற்குள் கரண்ட் போய்விட்டது. பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. "மிச்சத்த நான் வீட்ல மாட்டிக்கிறேன்," என்று தம்பி கிராபிக்ஸ் கார்டையும், வயர்கள் தொங்கும் பவர் சப்ளையையும் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். பழைய சாமானுக்குப் பில் தருவதில்லை என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

யுத்தத்தின் கடைசி வருடங்கள் அவை. கொழும்புக்குப் போய்வந்த தோட்டத்துப் பிள்ளைகளை இராணுவம் வழியில் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பிடித்துவைத்துக்கொண்ட கதைகள் ஒவ்வொரு லயத்திலும் இருந்தன. பண்டாரவளை தாண்டியதும் இனிப் பயமில்லை என்று நினைத்தேன். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றது. புதிதாகப் போட்ட செக் பொயின்ட்.

எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். பஸ்ஸுக்குள் ஏறிய சிப்பாய் உடனே வாசலுக்கு வந்தான்.

"இந்த உரச் சாக்கு யாருடையது?" என்று சிங்களத்தில் கேட்டான். உரத்தில் வெடிகுண்டு செய்கிறார்கள் என்று உரச் சாக்கைக் கண்டாலே சந்தேகப்பட்ட காலம் அது.

தம்பி கையைத் தூக்கினான். வரிசையில் அவனுக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் ஆளுக்கு ஓரடி விலகினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சாக்கின் கட்டை அவிழ்க்கச் சொல்லிவிட்டு சிப்பாய்கள் தள்ளி நின்றார்கள். மூடி இல்லாத இரும்புப் பெட்டி. உள்ளே பச்சைப் பலகை. பிறகு தம்பியின் பையிலிருந்து இன்னொரு இரும்புப் பெட்டியும், அதிலிருந்து தொங்கிய சிவப்பு, மஞ்சள், கறுப்பு வயர்களும் வந்தன. அவர்களுடைய கண்ணால் பார்த்தபோது எனக்கும் அது குண்டாகத்தான் தெரிந்தது.

கண்டக்டர் எங்கள் பைகளை இறக்கி ரோட்டோரம் வைத்தார். பஸ் போய்விட்டது.

எங்களைப் பக்கத்துப் பொலிஸுக்குக் கூட்டிப்போனார்கள். பொறுப்பதிகாரி வயதானவர், தடிமன் பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எங்கள் அடையாள அட்டைகளை மேசையில் வைத்துவிட்டுப் பில் கேட்டார். இல்லை என்று சிங்களத்தில் சொன்னேன். கடையின் டெலிபோன் நம்பர் கேட்டார். அதுவும் எங்களிடம் இல்லை.

"என்ன இது?"

"கம்பியூட்டர், சேர். தம்பி கேம் விளையாடுவதற்கு."

"கம்பியூட்டர் இப்படியா இருக்கும்?" தன் கிளார்க்கின் மேசையில் இருந்ததைக் காட்டினார். மூடி போட்ட, கம்பனிப் பெயர் ஒட்டிய மெஷின். "இதுதான் கம்பியூட்டர். நீ சொல்வது உண்மையென்றால் அவனை இங்கேயே ஓட்டிக் காட்டச் சொல்."

தம்பி என் பக்கம் திரும்பி, "அக்கா, நான் இத..." என்று தொடங்கினான். பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் மேசையைத் தட்டினார். தமிழில் பேசக்கூடாது. தம்பிக்குச் சிங்களம் கடைத்தெருவுக்குப் போதும், அதற்கு மேல் வராது. அதற்குப் பிறகு அவன் எதையும் என்னிடம் கேட்க முடியவில்லை.

ஒரு ஸ்க்ரூ டிரைவர் கொடுத்தார்கள். தரையில் உட்கார்ந்து கார்டையும் பவர் சப்ளையையும் பொருத்தினான். ஸ்க்ரூ ஒன்று உருண்டு அலமாரிக்கு அடியில் போனது. அதை எடுக்க அவன் குனிந்தபோது, கதவருகில் நின்றவர் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்தார். "ஸ்க்ரூ, சேர், ஸ்க்ரூதான்," என்றேன். தம்பி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டு, அந்த ஸ்க்ரூ இல்லாமலே மற்றதை முடுக்கினான்.

கிளார்க்கின் திரையைக் கழற்றி இதில் மாட்டினார்கள். ஸ்விட்சைப் போடும்போது எல்லோரும் வெளியே போய் நின்றுகொண்டார்கள். உள்ளே அவனை மட்டும் விட்டார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவன் விரலை நீட்டிய அந்த நேரத்தில், அந்தக் கடைக்காரர் எங்களுக்கு என்னத்தைக் கொடுத்தாரோ என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்தது.

கணினியின் விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

மறுபடி போட்டான். மறுபடி கறுப்பு. பொறுப்பதிகாரி உள்ளே வந்து டெலிபோனை எடுத்தார். அவர் நம்பரை அழுத்தத் தொடங்கியதும் தம்பி என்னைப் பார்த்து, "ராம்," என்றான். ஒரே சொல். பெருவிரலால் உள்ளங்கையைத் தேய்த்துக் காட்டினான். வீட்டில் அவன் ராம் என்கிற அந்தச் சின்ன நினைவகப் பலகையைக் கழற்றி, அதன் ஓரத்தைப் பென்சில் அழிக்கும் என் அழிறப்பரால் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். என் பையைத் திறக்கலாமா என்று கேட்டேன். கான்ஸ்டபிளே பைக்குள் கையை விட்டு அழிறப்பரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவனிடம் எறிந்தார். தம்பி தேய்த்தான், ஊதினான், மாட்டினான்.

பீப் என்று ஒரு சத்தம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. நான் மூச்சு விடுவதற்குள் திரை முழுவதும் நீலமாகி அப்படியே நின்றது.

"உடைந்ததா?" என்றார் பொறுப்பதிகாரி.

மதர்போர்டு மாறியதால் விண்டோஸைத் திரும்பப் போட வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "இல்லை சேர், பழைய நினைவில் இருக்கிறது. புதிதாகப் படிப்பிக்க வேண்டும்." அதிகாரி கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க், "போன மாதம் இங்கேயும் இப்படி நீலமாக வந்தது, சேர்," என்றார்.

அதோடு விடவில்லை. தோட்டத்து ஆபீசுக்குப் போன் எடுத்துப் பெரிய கிளார்க்கரிடம் எங்கள் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார்கள். அது முடிந்தபின்தான் அடையாள அட்டைகள் திரும்பி வந்தன.

"டீச்சர்," என்றார் பொறுப்பதிகாரி. கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். "பெட்டியோடு ஒன்றை வாங்கிக் கொடுங்கள். இந்த நேரத்தில் துண்டு துண்டாகத் தூக்கித் திரிய வேண்டாம்."

கடைசி பஸ்ஸில் பதுளைக்கு வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் தம்பி பெட்டியை மடியில் வைத்திருந்தான். சாக்கை அங்கேயே விட்டுவிட்டோம். வீட்டில் அம்மா, "ஏன்டா இவ்வளவு நேரம்?" என்று கேட்டதற்கு, "பஸ் பிரேக்டவுன்," என்றான். நானும் ஆமாம் என்றேன்.

ஒரு வாரம் அவன் அதைத் தொடவில்லை. நான் பதுளைக் கடையில் விசாரித்துவிட்டு வந்து, புதுசு எடுத்துவிடலாம் என்றேன்.

"வேணாங்க்கா. அவங்க முன்னாடி உக்காந்து மாட்டுனது இது. இத ஓட்டித்தான் ஆகணும்."

விண்டோஸைத் திரும்பப் போட்டான். கார் வளைவில் நிற்காமல் திரும்பியது. நல்ல படம், நல்ல வேகம். அம்மாகூட வந்து நின்று பார்த்தார். எனக்கு மட்டும் அந்த விசிறி சுற்றத் தொடங்கும் சத்தம் கேட்டால் எழுந்து வெளியே போக வேண்டும் போலிருக்கும்.

அடுத்த வருடம் பாடசாலை வேலைகளுக்கென்று நான் தவணையில் புது மெஷின் ஒன்றை எடுத்தேன். கடை வேனிலேயே கொண்டுவந்து இறக்கினார்கள். தம்பி அதன் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தான். "இதுல எதையும் மாத்த எடமே இல்லக்கா," என்று சொல்லிவிட்டு மூடினான். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.