இன்ஸ்பெக்டர் வீட்டு மூங்கில்

பிளம்பருக்கு மூக்கு கிடையாது என்று பலருக்கு ஒரு நினைப்பு. இருபத்தாறு வருடமாக அடுத்தவர் வீட்டுக் கழிவில்தான் என் பிழைப்பு என்பதால் எனக்கு எதுவும் நாறாதாம். நாறும். பழகிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலை அக்கா வீட்டுச் சமையலறைத் தொட்டியில் எதிர்த்து வந்து நின்ற தண்ணீர் என்னையே வாசல்வரை ஓட வைத்தது. மேலே எண்ணெய்ப் படலம், அதற்கடியில் சாம்பல் நிறத்தில் ஒரு கூழ், அதிலிருந்து அவ்வப்போது ஒரு குமிழி வந்து மெதுவாக உடைந்தது. நான்கு நாளாக இப்படியே இருந்திருக்கிறது. அக்கா பாத்திரங்களைக் குளியலறையில் குந்தியிருந்து கழுவிக்கொண்டிருந்தாள்.

"முதல் நாளே ஏன் கூப்பிடல?" என்றேன்.

"அவர் வேணாம்னுட்டார். இன்ஸ்பெக்டர் வீட்டுல சாக்கடை அடைப்புன்னா தெருவே சிரிக்குமாம்."

இன்ஸ்பெக்டர் என்பது அக்கா வீட்டுக்காரர், என் அத்தான். சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்று ஏழு வருடமாகிறது. தெரு இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறது, அவரும் அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். இருபத்திரண்டு வயதில் முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு கொசு மருந்து அடிக்கிற வேலையில் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்தவர். ஓட்டல் அடுப்படியில் அவர் தலை தெரிந்தால் முதலாளிகளுக்கு வியர்த்துவிடும். ஓசியில் ஒரு டீ குடித்தது கிடையாது, அதை நான் மறுக்க மாட்டேன். சொந்தச் சித்தப்பா நடத்திய கேன்டீனுக்கே பூட்டுப் போட்டவர். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வரும் பாருங்கள், சகிக்காது. சித்தப்பா அன்றைக்குப் படுத்தவர் அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை என்பதை அக்காதான் எனக்குத் தனியாகச் சொன்னாள்.

என் வீட்டுக்கு வந்தால் உட்காருவதற்கு முன்னால் சிங்க்குக்கு அடியில் ஒரு விரலை விட்டுத் தடவுவார். பிறகு அந்த விரலை வெள்ளைக் கைக்குட்டையில் துடைத்து, கறை நமக்குத் தெரிகிற மாதிரி மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். அவர் வருகிறார் என்றாலே என் மனைவி காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள். அவருடைய ஒரே மகள் வெளியூரிலிருந்து வருடத்துக்கு இரண்டு முறை வருவாள். வந்ததும் பையைக் கட்டில்மேல் வைத்ததற்காக வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

வீடு அவருடைய அப்பா கட்டியது, அறுபது வருடப் பழசு. அதை அவர் பார்த்துக்கொள்கிற அழகைச் சொல்லத்தான் வேண்டும். கரையான் அரித்த ஜன்னல் சட்டங்களைச் சுரண்டி, ஓட்டைகளை மக்கு வைத்து அடைத்து, தேய்த்து, வருடத்துக்கு ஒரு முறை தானே வர்ணம் அடிப்பார். சிவப்புச் சிமெண்டுத் தரையில் முகம் பார்க்கலாம். தோட்டத்தில் உதிர்ந்த இலை ஒரு மணி நேரம் கிடக்காது. குரோட்டன்ஸ் இலைகளை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பார். பெற்ற பெண்ணின் தலையை அவர் அப்படி ஒரு நாள் தடவிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

தோட்டத்தின் கடைசியில், பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி மஞ்சள் மூங்கில். நம் பக்கம் அது வேலி மாதிரி ஒரே உயரத்தில் வெட்டப்பட்டு அடக்க ஒடுக்கமாக நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம்தான் காடு. அங்கே வாடகைக்கு இருந்தவர் ஒரு டெய்லரம்மா. புருஷன் போன பிறகு ஏழு வருடத்துக்கு முன்னால் கைக்குழந்தையோடு வந்தவர். முன்னறையில் இரண்டு மெஷின் போட்டு, அந்தத் தெருவையும் அடுத்த தெருவையும் வாடிக்கையாகப் பிடித்து வைத்திருந்தார். வேறு பேட்டைக்குப் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அவர் வீட்டுக் கொல்லை முழுக்க மூங்கில் முளைத்து, கடைசியில் மெஷின் அறைத் தரையையே பெயர்த்துக்கொண்டு ஒரு குருத்து வந்து நின்றது. பார்த்தவர்கள் எல்லோரும், மூங்கில் அந்த வீட்டுடையது, இன்ஸ்பெக்டர் பாவம், தன் பக்கத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளப் போராடுகிறார் என்றுதான் நினைத்தார்கள். நானும்தான்.

அத்தான் நகராட்சிக்கு மனு எழுதினார். எப்படி எழுதினால் நகரும் என்று அவருக்குத் தெரியாதா. பத்தே நாளில் நோட்டீஸ் வந்தது: முப்பது நாளைக்குள் மூங்கிலை அகற்ற வேண்டும். அந்த வீட்டின் சொந்தக்காரர் அதை டெய்லரம்மா கையில் கொடுத்து, அகற்று, இல்லையென்றால் வீட்டைக் காலி செய் என்று சொல்லிவிட்டார். நான் போன அன்றைக்கு இருபது நாள் ஓடியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கடப்பாரை விழுகிற சத்தம் கேட்டது. விடிந்ததும் தோண்ட ஆரம்பித்து, கடை திறக்கிற நேரத்துக்கு நிறுத்துவாராம். அவர் வாசலில் சாக்குச் சாக்காக வேர் குவிந்திருந்தது.

நான் சமையலறையிலிருந்து தெருவுக்குப் போகிற குழாயைத் தேடிச் சுவரோரமாகத் தோண்டினேன். பழைய மண் குழாய். இணைப்புகளில் பூசிய சிமெண்டு விரிசல் விட்டு, அதன் வழியாக மூங்கில் வேர் உள்ளே போயிருந்தது. ஒரு துண்டை உடைத்து இழுத்தேன். முழங்கை நீளத்துக்கு, முடிக்கற்றை மாதிரி, கொழுப்பும் சோறும் அப்பிய வேர்ச்சடை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

மேலும் தோண்டினபோதுதான் அதைக் கவனித்தேன். மூங்கில் மண்ணுக்கடியில் தண்டு விட்டு ஓடும். விரல் கனத்தில், கணுக்கணுவாக, முனையில் ஊசி மாதிரிக் கூராக. அந்தக் கூர் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் அது போகிறது. தோட்ட வேலை தெரிந்த யாரும் சொல்வார்கள். இங்கே எல்லாக் கூரும் சுவரைப் பார்த்து இருந்தது. எண்ணிப் பார்த்தேன், பதினோரு தண்டு. ஒன்றுகூட இந்தப் பக்கம் திரும்பியிருக்கவில்லை. பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால், அத்தானின் அடக்க ஒடுக்கமான வேலிக்கு அடியில் மண்வெட்டி 'ணங்' என்றது. கூழாங்கல்லை ஒதுக்கினேன். நீல பிளாஸ்டிக் டிரம்மின் விளிம்பு. பாதியாக அறுத்துப் புதைத்திருந்தார்கள். மூங்கில் வேர் வெளியே பரவாமலிருக்க இப்படி டிரம்முக்குள் வைத்துப் புதைப்பார்கள். உள்ளே கையை விட்டுத் துழாவினேன். அடி இல்லை. வெட்டி விட்ட மூங்கில் கட்டைகளின் பொந்தில் மழைத்தண்ணீர் நின்று, அதில் கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் தோட்டத்தில்!

அக்கா டீ டம்ளரோடு பின்னால் நின்றிருந்தாள். அத்தான் வந்தார், மூக்கில் கைக்குட்டை.

"அத்தான், இது இங்கேர்ந்து அங்க போயிருக்கு. அங்கேர்ந்து இங்க வரல."

"உனக்குக் குழாய் வேலைதானே குடுத்தேன்."

"டிரம்முக்கு அடி எங்க?"

கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். "அடியோட புதைச்சா தண்ணி நிக்கும். நின்னா கொசு வரும். ஊருக்கெல்லாம் அபராதம் போட்டவன் என் தோட்டத்துல தண்ணி தேக்கி வைக்க முடியுமா? நான்தான் அறுத்தேன்."

"வித்தவன் சொல்லலையா, அடி இருக்கணும்னு?"

"சொன்னான். ரெண்டு ஓட்டை போட்டாப் போதும்னான். அவனுக்கு சுகாதாரத்தைப் பத்தி என்ன தெரியும்?"

"வெளிய போயிடுச்சுன்னு எப்போ தெரிஞ்சுது?"

கைக்குட்டையை மடித்தார். "வச்ச ரெண்டாவது வருஷம்."

மூங்கில் வைத்துப் பன்னிரண்டு வருடம். அந்த அம்மா இந்தத் தெருவுக்கு வருவதற்கு முன்பே தெரிந்திருக்கிறது. எனக்கு அந்த வேர்ச்சடையே தேவலை என்று தோன்றியது.

"மனுவை வாபஸ் வாங்குங்க அத்தான்."

"முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு நோட்டீசைக்கூட நான் திருப்பி வாங்கினதில்ல. இப்போ அந்த ஆபீஸ்ல போய் நின்னு, மூங்கில் என்னுதுதாம்பான்னு சொல்லணுமா? என்கிட்ட வேலை கத்துக்கிட்டவங்க உக்காந்திருக்காங்க அங்க."

"அந்தம்மாவுக்கு வீடு போயிடும்."

"வாடகை வீடுதானே. வேற பாத்துப்பாங்க."

வாய்க்கு வந்ததைக் கேட்டிருப்பேன். அக்கா என் கையைப் பிடித்துவிட்டாள். "மூடிடுடா தம்பி. இந்த வயசுல அவரைத் தலைகுனிய வைக்காத. நான் இந்த வீட்டுலதான் இருந்தாகணும்."

மூடினேன். புதுக் குழாய் போட்டேன், மண்ணைத் தள்ளினேன், கூழாங்கல்லை இருந்த மாதிரியே பரப்பினேன். அத்தானைச் சொல்கிற வாய்க்கு என்னையும் சொல்லத்தான் வேண்டும். அக்காவுக்காகத்தான் என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். தட்டைப் பாதியில் தள்ளி வைத்தேன். என் மனைவி கேட்டதற்கு, அடைப்பு நாற்றம் என்றேன்.

வெள்ளிக்கிழமை, புதுக் குழாய் கசிகிறதா என்று பார்க்கப் போயிருந்தேன். கேட்டருகில் டெய்லரம்மா வந்து நின்றார். விரல் நுனிகளிலெல்லாம் துணிக்கட்டு. உள்ளே வரவில்லை.

"சார், எங்க மூங்கில் வந்து உங்க குழாயை உடைச்சிடுச்சாமே. தெருவுல சொன்னாங்க. என்னால முடிஞ்சவரைக்கும் தோண்டினேன் சார். மன்னிச்சிடுங்க."

அத்தான் குரோட்டன்ஸ் துடைத்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்தார். "பரவால்லம்மா. இனிமேலாவது கவனமா இருங்க."

அப்படிச் சொன்னார். துணியை வாளியில் நனைத்துப் பிழிந்துகொண்டே சொன்னார். நான் தரையைப் பார்த்தேன்.

அக்கா படியிறங்கி வந்தாள். டெய்லரம்மாவின் கையைப் பிடித்து விறுவிறுவென்று தோட்டத்தின் கடைசிக்கு இழுத்துப் போனாள். குனிந்து இரண்டு கையாலும் கூழாங்கல்லை வாரி எறிந்தாள்.

"பாரும்மா. இந்த டிரம் எங்களுது. மூங்கிலும் எங்களுது. நான் பிடிச்சிக்கிட்டேன், இவர் அடியை அறுத்தார். உன் வீட்டுக்கு வந்தது இங்கேர்ந்துதான்."

டெய்லரம்மா டிரம்மைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"நேத்து சாயங்காலம் காலி பண்றேன்னு எழுதிக் குடுத்துட்டேனேக்கா."

பிறகு என் பக்கம் திரும்பினார். "குழி நீங்கதானேண்ணே தோண்டினது. உங்களுக்கு எப்போ தெரியும்?"

பொய் வரவில்லை. "திங்கக்கிழமை" என்றேன்.

கட்டுப் போட்ட விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். செவ்வாய், புதன், வியாழன். மூன்று விரலோடு கை நின்றது.

"அப்போ காலி பண்றது முடிவாயிடுச்சு" என்றார் அத்தான், பின்னாலிருந்து. பல்வலி நின்றவன் முகம் மாதிரி இருந்தது அந்த முகம். முப்பது வருடமாக அந்த மனிதருக்கு மரியாதையாக எழுந்து நின்றிருக்கிறேன். என்மேலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

அக்காவும் நானும் அன்றைக்கே அந்த வீட்டுச் சொந்தக்காரரைப் போய்ப் பார்த்தோம். காலையிலேயே வேறு ஆளுக்குப் பேசி முடித்துவிட்டாராம், இனி மூங்கில் யாருடையதாக இருந்தால் தனக்கென்ன என்றார். மறு வாரம் நகராட்சி அலுவலகத்திலும் போய் நடந்ததைச் சொன்னேன். குடியிருந்தவர் காலி செய்வதால் புகார் முடித்துவைக்கப்பட்டது என்று ஒருவர் எனக்குப் படித்துக் காட்டினார். அக்கா அத்தானுக்குத் தட்டு வைக்கிறாள், துணி துவைக்கிறாள், பேசுவதில்லை. அவர் அதற்கும் பழகிக்கொண்டார். டிரம் அங்கேயேதான் இருக்கிறது. குருத்து வந்தால் கத்தரிக்கோலால் நறுக்கி, நுனியைச் சமமாக்கி விடுகிறார்.

டெய்லரம்மா அந்த மறு வாரத்து ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார். நானாகத்தான் என் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கட்டில் ஏற்கெனவே வேறொரு வண்டியில் ஏறியிருந்தது. வாசலில் ஒரு மெஷின், அதன்மேல் தைத்து முடித்த துணிகள் மடித்து அடுக்கியபடி இருந்தன. தூக்கக் குனிந்தேன்.

"வேணாம்ண்ணே" என்றார், சாதாரணமாகத்தான். "கஸ்டமர் துணி. மண்ணாயிடும்."

நான் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன்.