மதகைத் திறக்காத மகள்

வெரோனிகாவுக்கு என்ன வேலை என்று அக்கம்பக்கத்தில் கேட்டால், "கால்வாய் இன்ஜினியர்" என்பார்கள். அது பாதி சரி. மழை எவ்வளவு பெய்யும், எந்த வழியாக ஓடும், எங்கே தேங்கும் என்று கணக்குப் போடுவது அவள் வேலை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். பங்சாரில் ஒரு நிறுவனத்தில் பல வருடம் கால்வாய்களும் வெள்ளத் தடுப்புக் குளங்களும் வடிவமைத்தாள். பிறகு கிள்ளானில் ஆற்றோரக் குடியிருப்பான ஒரு தாமானின் வெள்ளத் தடுப்பு வேலை அவள் கைக்கு வந்தது. அவள் வீடு வாங்கியிருந்ததும் அதே தாமானில்தான். அவள் அப்பா கிரிகரிக்குப் பக்கவாதம் வந்தபின் அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நான் அந்த வீட்டுக்குப் போனேன்.

தாமானின் மழைநீர் ஒரு குளத்தில் சேரும். குளத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே ஓர் இரும்பு மதகு. கடல் ஏறும்போது ஆறும் ஏறும். அப்போது மதகை மூடிவிட்டு, குளத்து நீரை பம்ப் வைத்து ஆற்றில் தள்ள வேண்டும். வெரோனிகா மூன்று பம்ப் கேட்டாள். அதிகாரிகள் இரண்டுதான் கொடுத்தார்கள். அதில் ஒன்று நின்றால் போதும், நம் வீட்டுக்குள் தண்ணீர் என்று சாப்பிடும்போது சொல்வாள்.

போன வருடக் கடைசியில் அதுதான் நடந்தது. விடாத மழை, கடலும் ஏறியிருந்தது. குப்பை அடைத்து ஒரு பம்ப் நின்றது. வெரோனிகா மதகுக்கு ஓடினாள். காலையிலேயே தண்ணீர் ஹாலுக்குள் வந்துவிட்டது. கிரிகரியின் கட்டில் ஹாலில். மெயின் சுவிட்சை அணைத்தேன், மருந்துகளை மாடியில் வைத்தேன், அவர் தலைமாட்டை உயர்த்தினேன். தொண்டையில் சளி கட்டும் மனிதர். அவரைத் தனியாக மாடிக்குத் தூக்க என்னால் முடியாது.

அப்போது குடியிருப்போர் சங்கத் தலைவர் சபாபதி நாலு பேரோடு வந்தார். உதவிக்கு என்று நினைத்தேன். இல்லை. மதகு மூடியிருப்பதால்தான் குளம் வழிகிறதாம், வெரோனிகாவிடம் சொல்லி நான் திறக்க வைக்க வேண்டுமாம். இல்லையென்றால் பூட்டை உடைக்க ஓர் ஆள் ஏற்கெனவே கிளம்பிவிட்டானாம்.

"பொண்ணு கட்டுன குளத்துல அப்பாவே நீந்தப் போறாரு லா" என்றான் கூட வந்தவர்களில் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

வெரோனிகாவைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஆன்டி, தண்ணி எவ்வளவு?"

"முழங்காலுக்குக் கீழ. மெத்தை நனைய இன்னும் ஒரு சாண்."

அந்தப் பக்கம் பம்ப் இரைந்துகொண்டிருந்தது.

சபாபதி குனிந்து பேசினார். "உங்கப்பாவுக்காகவாவது திறம்மா."

"வீடியோவுல பாருங்க, அங்கிள்."

போன் திரையில் மதகின் இரண்டு பக்கமும் அளவு எழுதிய பலகைகள் தெரிந்தன. குளத்துப் பக்கம் தண்ணீர் இரண்டு மீட்டரைத் தொடவில்லை. ஆற்றுப் பக்கம் மூன்றைத் தாண்டியிருந்தது.

"திறந்தா வெளிய போகாது, ஆறு உள்ள வரும். ஆறு இறங்கட்டும், நானே திறக்கிறேன். இப்ப முடியாது" என்றாள். "அப்பாவ மேல தூக்குங்க, அங்கிள்."

சபாபதி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பூட்டை உடைக்கப் போனவனுக்குப் போன் போட்டுத் திரும்பி வரச் சொன்னார். என் பக்கம் திரும்பினார். "எங்க பிடிக்கணும், அக்கா?"

விரிப்பின் ஓரங்களைச் சுருட்டிப் பிடிக்கச் சொன்னேன், தலை உயரமாகவே இருக்கட்டும் என்றேன். பாதிப் படியில் கிரிகரிக்கு மூச்சு அடைத்தது. உதடு நீலம் பூத்தது. அங்கேயே நிறுத்தி, அவரை ஒருக்களித்துச் சாய்த்து, விரலில் துணி சுற்றிச் சளியை வழித்தெடுத்தேன். மூச்சு வந்தது. மறுபடி தூக்கினோம். கீழே மெத்தை நனைந்துகொண்டிருந்தது.

மதியத்துக்கு மேல் ஆறு இறங்கியது. வெரோனிகா மதகைத் திறந்தாள், தெருத் தண்ணீர் வடிந்தது. சேற்றுக் காலோடு மாடியேறி வந்து, அப்பாவின் மார்பில் காதை வைத்துக் கேட்டாள்.

"தெறந்தியா?" என்று குழறினார் கிரிகரி.

"இப்பத்தான்பா."

தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டைக் கழுவினோம், புதுக் கட்டில் வந்தது. ஹாலில் போடச் சொன்னேன், படியேறினால் எனக்கு முட்டி வலி. வெரோனிகா மாடியில்தான் என்றுவிட்டாள். அடுத்த சங்கக் கூட்டத்தில், அதிகாரிகள் முன்னாலேயே சபாபதி அதைக் கேட்டார். "உங்கப்பா கட்டில் இன்னும் மேலதான் இருக்கு. அப்ப நாங்க என்ன செய்யறது?"

பயப்பட ஒன்றுமில்லை என்று அவள் சொல்வாள் என அதிகாரிகள் காத்திருந்தார்கள்.

"உங்க வீட்டுப் பெரியவங்களையும் மேலயே படுக்க வையுங்க" என்றாள். "மூணாவது பம்ப் வர்ற வரைக்கும்."

நான் இன்னும் படியேறிக்கொண்டுதான் இருக்கிறேன்.