பயிற்சி விமானத்துக்கு ஒரு முன்சக்கரம்

உதிரி பாகக் கிடங்கில் இருப்பவனுக்கு இரண்டு பதில்தான் தெரியும்: இருக்கிறது, இல்லை. பழைய மிக்ஸிக்கு ஜார் தேடிக் கடை கடையாய் ஏறி இறங்கிய உங்களுக்கு, இரண்டாவது பதில் எப்படி வலிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிரித்துக் கொடுத்தது

நான் பாகம் எடுத்துக் கொடுத்தது விமானப்படையின் ஜெட் பயிற்சி விமானங்களுக்கு. ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் ரகம். பெரிய போர் விமானம் ஓட்டியவர்களும் முதலில் இதில்தான் தடுமாறித் தரையிறங்கினார்கள்.

தயாரிப்பு நின்றதும் புதுப் பாகம் வருவதும் நின்றது. பழுதான ஒன்றை ஓரமாக நிறுத்தி, அதிலிருந்து கழற்றி மற்றவற்றுக்குப் போட்டோம். அளவு சரியாக இருந்தாலும் பாக எண் பொருந்தாத போல்ட்டை நான் வெளியே விட்டதில்லை. கடைசியில் அந்த வெறும் கூட்டைத் திருவண்ணாமலை பக்கம் வேங்கிக்கால் தாண்டி ஒரு தனியார் கல்லூரிக்குக் காட்சிக்குக் கொடுத்தார்கள். லாரியில் ஏற்றும்போது மெக்கானிக் ஒருவர் என்னிடம் சொன்னார்: "இது பறக்கலைன்னா என்னய்யா, இதோட பாகமெல்லாம் இன்னும் பறந்துக்கிட்டுதானே இருக்கு!"

ஆயுத பூஜை

ஓய்வுக்குப் பிறகு அந்தக் கல்லூரியில் அதே விமானத்தைத் துடைத்துப் பராமரிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. ஆயுத பூஜையன்று கல்லூரி பஸ் டிரைவர்கள், தலைமை டிரைவர் முனுசாமியோடு வந்து இதற்கும் பொட்டு வைத்து மாலை போட்டார்கள். பஸ்களுக்குச் செய்வது போலவே மூன்று சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.

பழம் நசுங்க வண்டி நகர வேண்டுமே! நான் தேங்காய் வாங்கப் போயிருந்த நேரத்தில் எல்லோரும் சேர்ந்து தள்ளிவிட்டார்கள். முன்சக்கரம் விமானம் நிற்கும் மேடையின் விளிம்பில் மோதி, காய்ந்த டயர் பிளந்து, மூக்கு தாழ்ந்துவிட்டது. ஓடி வந்த என்னிடம் முனுசாமி சொன்னார்: "பழம் மூணும் நசுங்கிடுச்சுங்க ஐயா, அதுல ஒண்ணும் கொறையில்ல."

தாளாளர்

மறுநாள் தாளாளர் வந்து சுற்றிப் பார்த்தார். அவர் எதிரில் எனக்கு நாக்கு எழாது. மூக்குக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கற்களைக் காலால் தட்டினார். "பட்டமளிப்பு விழாவுக்குள்ள நிமித்துங்க பெரியவரே. இல்லன்னா எடைக்குப் போட்டுடுவேன்."

கீழ்பென்னாத்தூரில்

என் பழைய கிடங்குக்குப் போன் செய்தேன். நான் ஆயிரம் பேருக்குச் சொன்ன அதே பதில், "இல்லை", எனக்கே வந்தது. திருவண்ணாமலையில் ஒரு டயர் கடை பாக்கியில்லாமல் கேட்டேன். பிறகு பிளந்த டயரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் போனேன்.

அங்கே ஒரு பழைய டயர் கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்த வண்டிக்கு என்று கேட்டார். தயங்கித் தயங்கி விமானத்துக்கு என்றேன். கடலை உடைக்கும் மிஷினை ஏற்றி இழுத்துப்போகிற வண்டியின் சின்ன டயர் ஒன்றை எடுத்து வைத்தார். எண் இல்லை. அளவும் அரை விரல் ஜாஸ்தி. இது சேராது என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். அவர் கேட்டார்: "அது பறக்கணுமா, நிக்கணுமாங்க? முதல்ல அதச் சொல்லுங்க."

ஒரு ஸ்பேனர் கம்மி

விழாவுக்கு முந்தின நாள் பஸ் ஜாக்கியால் மூக்கைத் தூக்கி, முனுசாமியும் நானும் அந்தக் கடலை மிஷின் டயர் போட்ட சக்கரத்தை மாட்டினோம். முடிந்ததும் விமானப்படைப் பழக்கத்தில் ஸ்பேனர்களை எண்ணினேன். ஒன்று கம்மி. எண்ணிக்கை சரியாகாமல் ஜாக்கியை இறக்கக் கூடாது என்றேன். பறக்காத விமானத்துக்கு எதற்குக் கணக்கு என்று முனுசாமி முணுமுணுத்தாலும், டார்ச் அடித்துத் தேடினார். சக்கரம் மடங்கி உள்ளே போகும் கூட்டுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது: "இங்கதாங்க ஐயா குந்திக்கினு இருக்கு. நான்தான் வச்சிருப்பேன். பசிக்கிது, எறக்கலாமா?"

விழா நாள்

காலையில் தாளாளர் விருந்தினர்கள் வருவதற்கு முன்னால் வந்து பார்த்தார். விமானம் நேராக நின்றது. குனிந்து முன்சக்கரத்தைத் தடவினார். அவர் நிமிர்ந்து சொன்னார்: "ராணுவத்து டயர்னா டயர்தான் பெரியவரே. இது இங்கயே நிக்கட்டும், எடைக்காரன வர வேணாம்னு சொல்லிடறேன்."

அன்றிலிருந்து தினமும் மூக்கிலிருந்து வால்வரை துடைக்கிறேன், அந்த முன்சக்கரத்தை மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு.