கயிறு தளராது என்று கொள்க

பள்ளிக்கூடங்களில் பிளஸ் டூ வகுப்பு வந்து மூணு நாலு வருசம் ஆகியிருந்த சமயம். ராசிபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார். இயக்கவியல் என்றால் எனக்கு உசுரு. கப்பி வழுவழுப்பானது, கயிறு எடையற்றது, நீளாதது, தளராதது என்று கொள்க. இத்தனையும் போர்டில் எழுதிவிட்டால் எப்பேர்ப்பட்ட கணக்கும் ரெண்டே வரியில் முடிந்துவிடும். அந்தத் திமிர் எனக்கு மண்டை நிறைய இருந்தது.

அந்தக் கோடையில் எங்கள் தோட்டத்துக் கிணறு வறண்டுபோனது. பண்ணையம் பார்த்த தம்பி அதை ஆழப்படுத்த கிரேன் வைத்தான். டீசல் என்ஜின், மேலே ஒரு கப்பி, அதில் ஓடும் கம்பி ரோப்பு, அதன் நுனியில் கல் அள்ளும் இரும்பு பக்கெட்டு. ஆட்களும் அந்தப் பக்கெட்டின் விளிம்பில் நின்று ரோப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்கள். கிரேன் ஓட்டியவன் ஓமலூர்க்காரன். ஒரு நடைக்கு ரெண்டு பேருக்கு மேல் ஏற்றவே மாட்டான்.

தம்பிக்கு அவசரம். "நாங்க மூணு பேரும் ஒண்ணா எறங்குனா என்னங்கண்ணா? ரோப்பு தாங்குமா, கணக்குப் பாத்துச் சொல்லுங்க" என்றான். அங்கேயே தொட்டிச் சுவரில் கரிக்கட்டியால் போட்டுக் காட்டினேன். மூணு ஆள் எடை, பக்கெட்டு எடை, ரோப்பின் பலம். ஆறு பேரையே தாங்கும் என்று வந்தது.

தம்பி அந்தச் சந்தோசத்தில் ஆள் சொல்லிவிடப் போய்விட்டான். கிரேன்காரன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏனுங் வாத்தியாரே, எறங்கறப்பப் பக்கெட்டு பாறை முனையில குந்திக்குமுங்க. ரோப்பு தளந்து தொவண்டு போவும். அப்பறம் வழுக்கி உளுந்துச்சுன்னா வெடுக்குனு புடுங்குமுங்க. ரெண்டு பேருன்னா தாங்கும். மூணு வேண்டாமுங்க."

"அதெல்லாம் இல்லைன்னு வெச்சுத்தான்டா கணக்கே போடணும். நீ படிச்சியா, நான் படிச்சனா?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் என்ஜினுக்குப் போனான்.

மறுநாள் காலையில் தம்பியும் ரெண்டு ஆட்களுமாக மூணு பேரும் ஏறினார்கள். பாதிக் கிணற்றில் பக்கெட்டு முனையில் குந்தியது. ரோப்பு தொவண்டது. கிரேன்காரன் நிறுத்துவதற்குள் பக்கெட்டு வழுக்கியது. சாட்டை சொடுக்கின மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அறுந்த ரோப்பு மேலே சீறி வந்து கப்பியில் சுற்றிக்கொண்டது. கூட விழுந்த ரெண்டு பேரும் சேற்றில் கிடந்து அலறினார்கள். தம்பியின் வலது கால் பக்கெட்டுக்கு அடியில் கூழாகிப்போயிருந்தது.

ஐயோ, அந்தக் கத்தல்! தம்பியைக் கட்டிலில் வைத்து மேலே தூக்கி லாரியில் ஏற்றிய கையோடு நான் கிரேன்காரன் மேல் பாய்ந்தேன். "நான் அப்பவே சொன்னனுங்களே" என்று ஆரம்பித்தான். அந்த வார்த்தை முடியக் கூடாது என்றுதான் வாயிலேயே குத்தினேன். ரெண்டு பல் மண்ணில் விழுந்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு, "தாங்கும்னது நீங்கதானுங்க" என்றான். எல்லோருக்கும் கேட்டது. பக்கத்தில் கிடந்த கடப்பாரையை எடுத்து அவன் வலது மணிக்கட்டில் போட்டேன். எலும்பு உடைந்தது என் கைக்கே தெரிந்தது. நாலு பேர் என்னை இழுத்திருக்காவிட்டால் கொன்றே போட்டிருப்பேன். கோபமா அது? பயம். வெறும் பயம்.

சேலம் ஆசுபத்திரியில் தம்பியின் காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். கண் விழித்ததும் தம்பி கேட்டான்: "தாங்கும்னீங்களேண்ணா?"

"தாங்கியிருக்கும். அந்த நாய் ரோப்பைச் சுண்டி உட்டுட்டான்" என்றேன். பெற்றவள் மேல் ஆணையிட்டுச் சொன்ன மாதிரி அதை நம்பினான் என் தம்பி. கிணற்றடியில் நின்ற ஒருத்தரும் அவனிடம் வாய் திறக்கவில்லை. எங்கள் வீட்டுப் பகை யாருக்கு வேண்டும்?

ஆறு மாசம் கழித்து ஒருநாள் மத்தியானம் கட்டையை ஊன்றிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினான். சட்டையெல்லாம் ரத்தம். பதறிப்போய், "எங்கடா அடிபட்டுச்சு?" என்றேன். "எனக்கில்லீங்கண்ணா" என்று சிரித்தான். கால் போனதிலிருந்து அவன் சிரித்து நான் பார்க்கவில்லை. ஓமலூருக்குப் போய், கை விளங்காமல் சும்மா உட்கார்ந்திருந்த கிரேன்காரனின் மண்டையை இந்தக் கட்டையாலேயே பிளந்துவிட்டு வந்திருக்கிறான்.

இலை போட்டேன். பசியோடு அள்ளித் தின்றான். நடுவில் நிமிர்ந்து கேட்டான்.

"அடி வாங்கறப்பெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னானுங்கண்ணா. உங்கண்ணனைக் கேளுங்க, உங்கண்ணனைக் கேளுங்கன்னு. உங்களை என்னத்தைக் கேக்கறது?"

"சோறு ஆறுது, சாப்புடு சாமி" என்று இன்னொரு கரண்டி வைத்தேன்.