கண்ணில் விட்ட சொட்டு

என் மனைவிக்குத் தும்மல் வந்தால் நிற்காது. எங்கள் அன்னூர்ப் பக்கம் வரப்பெல்லாம் பார்த்தீனியம் பூத்துக் கிடந்த தொண்ணூறுகளில், காலையில் எழுந்தவுடன் முப்பது நாற்பது தும்மல். சாமி விளக்கேற்றக்கூட முடியாமல் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு நிற்பாள். கோயமுத்தூரில் ஓர் அலர்ஜி டாக்டர், ஒத்துக்கொள்ளாத பொருளையே கொஞ்சங் கொஞ்சமாக ஊசியில் ஏற்றி உடம்பைப் பழக்கலாம், இரண்டு மூன்று வருஷம் ஆகும் என்றார். சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போனோம். ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். உடம்பு ஏற்காமல் போனால் உடனே மாற்று ஊசி போட வேண்டுமே, அதற்காக.

டாக்டர் ஒவ்வொரு வாரமும் கேட்பார். "பிரஷர் மாத்திரை, நெஞ்சு படபடப்பு மாத்திரைன்னு புதுசா ஏதாச்சும் சாப்பிடறாங்களா?"

"இல்லீங்க டாக்டர்" என்று நான்தான் முந்திக்கொண்டு சொல்வேன்.

ஆறேழு மாதத்தில் தும்மல் பாதியாகக் குறைந்தது. அந்தச் சமயத்தில் ஒரு கண் முகாமில் அவளுக்குக் கண்ணில் அழுத்தம் இருப்பதாகச் சொல்லி, இருவேளையும் விடச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். மூச்சு இளைப்பு உண்டா என்று கேட்டார்கள். அது அவளுக்கு இல்லை. அலர்ஜி ஊசியைப் பற்றி நாங்கள் வாயே திறக்கவில்லை. கண்ணுக்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டோம்.

குளித்துத் திருநீறு பூசியதும் நானே சொட்டு விடுவேன். முதல் சொட்டு எப்போதும் கன்னத்தில்தான் விழும்.

"ஏனுங்க, கண்ணு மேல இருக்குதுங்க. கன்னத்துக்கு எதுக்குங்க வைத்தியம்?"

"நீ ஆடாம இரு அம்மணி."

"ஆடறது நானுங்களா, உங்க கையிங்களா?"

அந்தச் சனிக்கிழமையும் டாக்டர் கேட்டார். இல்லீங்க என்றேன். அவளும் தலையாட்டினாள். கண்ணில் விடுவதும் மருந்துதான் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

ஊசி போட்டுப் பத்து நிமிஷம் இருக்கும். "உள்ளங்கை அரிக்குதுங்க" என்றாள். பார்க்கும்போதே உதடு வீங்கியது. டாக்டர் ஓடிவந்து மாற்று ஊசி போட்டார். வழக்கமாக ஐந்து நிமிஷத்தில் தெளிந்துவிடுமாம். தெளியவில்லை. மறுபடி போட்டார். விழுந்த பிரஷர் ஏறவே இல்லை.

"பயந்துக்காதீங்க, செரியாப் போயிரும்" என்று அவள்தான் என் கையைப் பிடித்துச் சொன்னாள்.

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஊட்டுல என்ன மருந்து குடுக்கறீங்க? நல்லா நெனச்சுப் பாருங்க."

"மருந்தெல்லாம் இல்லீங்க... கண்ணுக்கு மட்டும் காலையும் ராத்திரியும் ஒரு சொட்டு உடறேனுங்க."

அவர் முகம் வெளுத்துப்போனது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்பே போய்விட்டாள்.

அங்கே பெஞ்சில் டாக்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்தச் சொட்டு, நெஞ்சு படபடப்பு மாத்திரையோட இனமுங்க. கண்ணுல உட்டாலும் ரத்தத்துல கலந்துரும். நான் போட்ட மாற்று ஊசியை வேல செய்ய உடல. கண்ணுக்கு ஏதாச்சும் உடறாங்களான்னு நானும் கேட்டிருக்கணுமுங்க." அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன்.

கோபியில் கட்டிக் கொடுத்திருந்த மகள் வந்து விழுந்து அழுதாள். "எப்படீங்கப்பா? போன வாரம் சிரிச்சுப் பேசுச்சே அம்மா?"

அவள் முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்ல முடியவில்லை. "முருகன் குறிச்ச நேரம் கண்ணு. நம்ம கையில என்ன இருக்குது?" என்றேன்.

நம்பிவிட்டாள். அடுத்த கிருத்திகைக்குக் கோயிலுக்குக் கூப்பிட்டபோது வர மறுத்தாள். "ஒரு தப்பும் செய்யாத எங்கம்மாவை எடுத்துக்கிட்ட சாமி எனக்கு எதுக்குங்கப்பா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகப் புறப்பட்டேன். இன்றுவரை அவள் கோயில் படி மிதிக்கவில்லை. என் கை செய்ததை முருகன் தலையில் போட்டுவிட்டு, மாசாமாசம் அவன் முன்னாலேயே போய் நின்று, மகள் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வருகிறேன்.