நான் எண்ணிக்கொண்டிருந்தேன்

என் கணவரும் எட்டு மாதத்து மகளும் ஒரே வாரத்தில் காலராவில் போனார்கள். அதற்குப் பிறகும் நான் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போனேன், அழாமல் உட்கார்ந்திருந்தேன். ஆம்பூர் சபையில் என் விசுவாசத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். உண்மை வேறு. எனக்கு ஜெபம் நின்றுபோயிருந்தது. முழங்காலில் நிற்பேன், கண்ணை மூடுவேன், ‘ஆண்டவரே’ என்பேன், அதற்கு மேல் ஒன்றும் வராது. சில மாதங்களில் அந்தச் சொல்லும் வரவில்லை. இப்படியே நான்கு வருஷம் ஓடியது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்காக ஒரு ஜெபக்கூட்டம் வைத்திருப்பார்கள். அதை நினைத்தாலே பயமாக இருந்தது.

எனக்கு மிஞ்சியிருந்தது வேலை ஒன்றுதான். வேலூரில் பிரசவம் பார்க்கப் படித்துவிட்டு ஆம்பூருக்கு வந்தவள் நான். தோல் வியாபாரிகளின் வீட்டுப் பெண்கள் ஆண் டாக்டரின் முன் வரமாட்டார்கள். அதனால் திரை கட்டிய ஜட்கா என் வாசலுக்கு வரும். அந்த ஜட்காவில் ஏறி உட்கார்ந்தால்தான் எனக்கு மூச்சே சீராக வரும்.

ஒரு நாள் நடுப்பகலில், தோல் பதனிடும் தொழில் நடத்தும் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் மருமகளுக்குத் தலைப்பிரசவம். ஆண் குழந்தை. நீலமாகப் பிறந்தது, மூச்சில்லை. அப்போது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறைப்படி வாயைத் துடைத்தேன், முகத்திலும் மார்பிலும் குளிர்ந்த தண்ணீர் தெளித்தேன், வெந்நீரில் கழுத்துவரை இறக்கி எடுத்தேன். மறுபடியும் குளிர்ந்த தண்ணீர். நடுவில் வாய்க்குள் இருபது வரை எண்ண வேண்டும். பதற்றத்தில் அவசரப்படாமல் இருப்பதற்காக அந்த எண்ணிக்கை. மூன்றாம் முறை பதினான்கு எண்ணும்போது குழந்தை வீறிட்டது. மாமியார் கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழு நாள் குழந்தையைக் குளிப்பாட்ட நான் போவது வழக்கம். மறுநாள் ஜட்கா வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. கடைத்தெருவில் ஜட்காக்காரரைப் பிடித்துக் கேட்டேன். அவர் குதிரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

“நான் இன்னாம்மா பண்றது? கொழந்த மேல தண்ணி தெளிச்சு, இன்னாத்தையோ ஓதி, உங்க மார்க்கத்துல சேத்துட்டீங்களாம். வூட்ல ஒரே பேஜாரு. பெரியம்மாவே கண்ணால பாத்தாங்களாம்.”

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அந்த வாரத்துக்குள் இன்னும் மூன்று வீடுகளிலிருந்து, நீங்கள் வரவேண்டாம் என்று ஆள் வந்து சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. என்னை ஆம்பூருக்கு அனுப்பிய வேலூர் டாக்டரம்மா கடிதம் எழுதினார். வீடுகளில் கூப்பிடவில்லை என்றால் ஆம்பூரில் எனக்கு வேலை இல்லை, வேறு ஊர் பார்க்க வேண்டியிருக்கும் என்று அன்பாகத்தான் எழுதியிருந்தார்.

சனிக்கிழமை எங்கள் சபைப் போதகரான ஐயர் வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

“ஸ்தோத்திரம்மா! கேள்விப்பட்டேன். ஆபத்துல யார் வேணும்னாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், தப்பில்ல. வார்த்தையெல்லாம் முழுசா சொன்னீங்களா?”

“இல்லீங்கய்யா. எண்ணிக்கிட்டிருந்தேன்.”

“எண்ணிக்கிட்டா?”

“ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு.”

அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. “சரி, அதை இப்ப யார்கிட்டயும் சொல்ல வேணாம். எல்லாரும் ரொம்ப சந்தோஷமா இருக்காங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். செய்யாத காரியத்துக்கு அங்கே கதவைச் சாத்தினார்கள், அதே செய்யாத காரியத்துக்கு இங்கே கொண்டாடினார்கள். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை பேர் என் கையைப் பிடித்த அந்தக் காலையில் இருந்ததுபோல் நான் என்றுமே தனியாக இருந்ததில்லை.

திங்கட்கிழமை அந்த வீட்டுக்கு நடந்தே போனேன். வழியில் தோல் பதனிட ஆவாரம்பட்டை ஊறும் நெடி தலையைச் சுற்றியது. மாமியார் கட்டிலில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

“இன்னாத்துக்கு வந்தே?”

“நான் கொழந்தைய எங்க மார்க்கத்துல சேக்கலம்மா. மூச்சு வர்றதுக்குத்தான் தண்ணி தெளிச்சேன்.”

“ஒதடு ஆடிச்சே. நான் பாத்தேன். உன் வேத புஸ்தகத்து மேல கைய வெச்சு சத்தியம் பண்ணு.”

புத்தகம் என் பையில்தான் இருந்தது. எடுத்திருக்கலாம். நான்கு வருஷமாக நான் திறந்து படிக்காத புத்தகம். அதன் மேல் கை வைத்து எந்த முகத்தோடு சத்தியம் செய்வது? ஐயரிடம்கூடச் சொல்லாததை அந்த அம்மாளிடம் சொன்னேன்.

“நான் ஒண்ணுமே ஓதலம்மா. நேரத்துக்காக எண்ணிக்கிட்டிருந்தேன். என் பொண்ணு போனதுலேர்ந்து எனக்கு ஜெபமே வர்றதில்ல. நாலு வருஷமாச்சு.”

நிம்மதிப்படுவார் என்று நினைத்தேன். அவரோ பதறிப்போய்க் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“துவா கேக்காமயா என் பேரனைத் தொட்டே?”

நின்றுகொண்டே இருந்தேன். திரும்பிப் போய்விடலாம், வேறு ஊர் பார்த்துக்கொள்ளலாம் என்று மனது கணக்குப் போட்டது. கால் நகரவில்லை.

அவர் குழந்தையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே கேட்டார். “பொண்ணு பேரு இன்னா?”

சபையில் யாரும் அதைக் கேட்டதில்லை. அவர்களுக்குத் தெரியும், தெரிந்ததால் என் முன்னால் அந்தப் பெயரை எடுக்காமல் தவிர்த்தார்கள். நானும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. இரண்டு முறை முதல் எழுத்தோடு நின்றுவிட்டது. மூன்றாம் முறை சொன்னேன்.

அவர் அதைத் தன் நாக்குக்கு வந்த மாதிரி, கொஞ்சம் தப்பாக, திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். குழந்தையைக் கட்டிலில் கிடத்தினார். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு இரண்டு கைகளையும் ஏந்தினார். எனக்குப் புரியாத வார்த்தைகள். அவற்றின் நடுவே என் மகளின் பெயர் இரண்டு முறை வந்தது. முடித்துவிட்டுக் கைகளால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஆமென்” என்றேன். அதைச் சொன்னது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அவர் குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

“இப்ப குளிப்பாட்டு.”