இலை மட்டும் நின்ற பாத்தி

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை முடிந்து வெளியே வரும்போது அவளுடைய விரல் நுனிகள் ஊறி வெளுத்துப்போயிருக்கும். நாள் முழுக்க ஈரமான படுக்கை விரிப்புகளை இயந்திரத்திலிருந்து இழுத்துத் தள்ளுவண்டியில் போடுகிற வேலை. அங்கிருந்து நேராக வீட்டுக்குப் போனால் கட்டிலில் கணவன் காத்திருப்பான். லாரி ஓட்டியவன், சரக்கு இறக்கும்போது மேலேயிருந்து விழுந்து, கோடை முடிந்ததிலிருந்து முதுகைத் தூக்க முடியாமல் படுத்திருக்கிறான். ஜன்னலைச் சாத்தச் சொல்வான். சாத்தினால் மூச்சு முட்டுகிறது என்பான்.

அதனால் அவள் நேராகப் போவதில்லை. வழியில் நகராட்சித் தோட்டத்துக்குள் நுழைந்துவிடுவாள்.

ரயில் பாதைக்கும் பழைய கிடங்குக்கும் நடுவில், துண்டு துண்டாகப் பிரித்து ஊர்க்காரர்களுக்குக் கொடுத்திருந்த நிலம் அது. அவளுடைய துண்டில் ஒரு லாரியை நிறுத்தினால் நிறைந்துவிடும். ஆனால் அங்கே நிற்கும்வரை யாரும் அவளைக் கூப்பிடமாட்டார்கள். அந்த நிலத்தில் விளைந்த எதையும்விட அதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

"வந்துட்டியா அவசரம்!" என்பார் பக்கத்துத் துண்டுக்காரர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எப்போதும் ஓட்டமும் நடையுமாக வருகிறாள் என்று அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவரே அவர்தான். "பேருதான் அவசரம். விதை போடுறதுல மட்டும் எல்லாருக்கும் கடைசி."

அவர் சொன்னது பொய்யில்லை. காலிஃபிளவர் நாற்றுகளை அவள் சரியான நேரத்தில் நட்டிருந்தாள். அது கணவன் விழுவதற்கு முன்பு. கேரட்டும் பசலைக்கீரையும் போட வேண்டிய வாரங்கள் எல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் போயின. பிறகு ஓடி வந்து விதைத்தபோது பகல் குறுகிவிட்டது. குளிர்காலத் தோட்டத்தில் ஒரு வாரம் பிந்தினால் செடி ஒரு மாதம் பிந்தும். முளைத்தது முளைத்தபடியே, தலைமயிர்போல மெலிந்து நின்றது. குளிர் குறையும்வரை அது வளரப்போவதில்லை, சாகவும் போவதில்லை. அவளைப் போலவே.

அந்தத் தோட்டத்துக்கு ஒரு விதி இருந்தது. குளிர்காலத்தின் நடுவில் மேற்பார்வையாளர் வருவார். நிலத்தில் பயிர் நிற்க வேண்டும். சும்மா கிடந்தால் அது அடுத்து காத்திருப்பவருக்குப் போய்விடும். காத்திருப்பவர்கள் நிறைய. அவளுடைய நிலத்தில் பயிர் என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரு வரிசைக் காலிஃபிளவர்தான் இருந்தது.

அதுவும் அருமையாக வந்திருந்தது. பூ வெயிலில் பழுப்பாகாமல் இருக்க, வெளி இலைகளை மேலே மடக்கி நூலால் கட்டியிருந்தாள். கட்டை விலக்கிப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று இறுக்கமான பூ. அன்றைக்கே அறுக்க வேண்டிய பக்குவம்.

"அறுத்துடு. காத்திருந்தா விரிஞ்சுடும்" என்றார் பஸ்காரர்.

"அறுத்துட்டா அந்த ஆளு வந்து எதைப் பார்ப்பாரு? போன வாரமே வர்றேன்னாரு."

"அவரு வரும்போது வரட்டும். பூ அவருக்காகக் காத்திருக்குமா?"

அவள் காத்திருந்தாள். மேற்பார்வையாளருக்குக் காய்ச்சல் என்றார்கள். பிறகு அவருடைய வண்டிக்கு ஏதோ என்றார்கள். ஒவ்வொரு நாளும் இலைக்கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி கட்டினாள். பூ விளிம்பு லேசாகத் தளர ஆரம்பித்தது. வீட்டில் கணவன் கேட்டான், "வெளைஞ்சிருக்குன்னு தினம் சொல்றே. அதை எப்பத்தான் கண்ணுல காட்டுவே? நான் எழுந்து நடந்த பிறகா?"

"கொஞ்சம் பொறுங்களேன்."

"பொறுக்கிறதைத் தவிர எனக்கு இங்க வேற என்ன வேலை?"

அடுத்த நாள் சலவைப் பிரிவு ரேடியோவில், இரவு கடும் உறைபனி விழும் என்று சொன்னார்கள். உறைபனி பட்டால் இலை தாங்கும்; பூ தாங்காது. காலையில் பார்த்தால் பழுப்பாகிக் கொழகொழத்திருக்கும். அன்று அவள் கத்தியோடு தோட்டத்தில் நின்றாள். அறுத்தால் நிலம் போகும். அறுக்காவிட்டால் பூ போகும், பூ போனால் நிலத்தில் அழுகல்தான் நிற்கும். எப்படிப் பார்த்தாலும் தோல்வி. யோசிக்கவும் தெம்பில்லை.

அப்படியே குனிந்து முதல் கட்டைப் பிரித்தாள். இலைகளைச் சேதப்படுத்தாமல் உள்ளே கைவிட்டுப் பூவை மட்டும் அறுத்தாள். பிறகு பழக்கதோஷத்தில் கை தானாக இலைகளை மடக்கி நூலைக் கட்டியது. கட்டி முடித்த பிறகுதான் கவனித்தாள்: பக்கத்துச் செடிக்கும் இதற்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

வரிசை முழுவதையும் அப்படியே செய்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் பஸ்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடிப்பாவி! தலையை வாங்கிட்டுத் தலைப்பா கட்டி விட்டிருக்கியே!"

"சத்தம் போடாதீங்க அண்ணே. யார் காதுலயாவது விழப்போகுது."

வீட்டில் கணவன் முதல் பூவைக் கையில் வாங்கி, குழந்தையைத் தூக்குவதுபோல நெஞ்சில் வைத்துக்கொண்டான். விஷயத்தைச் சொன்னபோது சிரித்தான். சிரித்தால் முதுகு வலிக்கும் என்பதால் பாதியில் நிறுத்திக்கொண்டான். அன்றைக்கு ஜன்னலைப் பற்றி எதுவும் பேசவில்லை.

மேற்பார்வையாளர் அவளுடைய விடுமுறை நாளில் வந்தார். இளவயது, மூக்கு இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. நிலத்தைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"பனியில எல்லாருக்கும் போச்சு. உங்களுது மட்டும் ஜம்முன்னு நிக்குதேம்மா! ஒண்ணைப் பிரிச்சுக் காட்டுங்க. ஆபீஸ்ல மாட்ட ஒரு படம் எடுத்துக்கறேன்."

பஸ்காரர் திரும்பி நின்று, காய்ந்த மண்ணை மும்முரமாகக் கொத்தத் தொடங்கினார்.

அவள் ஒரு கட்டைத் தொட்டாள். வேறொன்றைப் பிரிப்பதுபோல நகர்ந்தாள். பிறகு கை ஓய்ந்துபோய் நின்றுவிட்டாள்.

"உள்ள ஒண்ணும் இல்லைங்க. எல்லாத்தையும் அறுத்துட்டேன்."

"எல்லாமேவா?"

"எல்லாமேதான். நீங்க வர்றதுக்குள்ள பனி வந்துடுச்சு."

அவர் செல்போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கோபப்படவில்லை, அதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. முளைத்து நின்ற கேரட்டைக் குனிந்து பார்த்தார், கீரையைப் பார்த்தார். "விதின்னு பார்த்தா முழுசா எடுக்கணும். நான் தள்ளிப் போட்டதும் ஒரு காரணம்தான். பாதியை வச்சுக்குங்க. மீதிப் பாதி அடுத்த ஆளுக்கு."

"பாதியா?" அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. தோளிலிருந்து ஈர விரிப்பு ஒன்றை யாரோ எடுத்துக்கொண்டதுபோல இருந்தது. அப்படித் தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

"எந்தப் பாதி வேணும், சொல்லுங்க."

பஸ்காரர் கொத்துவதை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "ரயில் பாதைப் பக்கம் கேளு! அங்கதான் வெயில் விழும். கிடங்கு நிழல்ல எது போட்டாலும் இன்னும் பிந்தும்."

அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். கிடங்குச் சுவரையொட்டித் தண்ணீர்க் குழாய் இருந்தது.

"கிடங்குப் பக்கம் கொடுங்க."

"உனக்கென்ன பைத்தியமா அவசரம்?"

"குழாய் அங்கதானே அண்ணே இருக்கு. சுமக்கிறது நான்தானே."

"அப்ப எல்லாம் பிந்தித்தான் வரும், பார்த்துக்கோ."

"பிந்தட்டும்" என்றாள்.

மேற்பார்வையாளர் நடுவில் கயிறு பிடித்தார். மறு நுனியை அவளே பிடித்து, தளராமல் இழுத்துக் கொடுத்தாள்.